மேர் வீட்டுச் சாப்பாடு

அங்கேயே நில்லுங்க தம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினாலும் கேக்கும். கையில என்ன பொட்டணம்? அல்வாவா? யாரு கடையில வாங்கினது? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. அந்தத் தூண் ஓரமா வெச்சுடுங்க. நாய் வந்தா தின்னும். எனக்கு இனிப்பு ஆகாது.

திருமேனிப் பிள்ளை சரித்திரம் எழுதப் போறீங்களாக்கும். யாரு எழுதச் சொன்னது? பத்திரிகையா? எந்த ஊரு பத்திரிகை? பாண்டிச்சேரின்னா ஒரு நியாயம் இருக்கு. சென்னைப் பட்டணத்து இங்கிலீசுக்காரன் ஊருல இருக்கிறவங்களுக்கு எங்க காரைக்கால் மேரைப் பத்தி என்ன அக்கறை? அவரு இருந்தப்ப ஒருத்தனும் வரலை. இப்ப சரித்திரமாம்.

சரி. உங்க மொகத்தைப் பாத்தா பொய் சொல்றவராத் தெரியலை. பொய் சொல்றவன் மொகமும் அப்படித்தான் இருக்கும், அது வேற விஷயம். கேளுங்க, சொல்றேன். உள்ள மட்டும் விடமாட்டேன்.

என் பேரு பக்கிரிசாமி. ஐயாவுக்கு வெத்திலை மடிச்சுக் கொடுக்க வந்தவன். அப்புறம் அவரு சாப்பிடறதுக்கு முன்னாடி நான் தின்னு பாக்கறதுன்னு ஆச்சு. கடைசியில இந்தக் கதவுச் சாவியும் என்கிட்டதான் வந்துச்சு. பொண்டாட்டியை நம்பாத மனுசன் என்னை நம்பினாரு. இதை முதல்ல எழுதிக்குங்க.

ஐயா பெரிய வீட்டுல பொறந்தவரில்லை. அவங்க அப்பா நெல்லு ஏத்தற தோணிக்குக் கணக்கப்பிள்ளை. இவரு பாதிரிச் சாமியார் பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு படிச்சாரு. படிச்சாருன்னா சும்மா இல்லை, வெள்ளைக்காரனே இவரு பேசறதைக் கேட்டுத் தன் பேச்சைத் திருத்திக்குவான். கோர்ட்டுல பிரெஞ்சைத் தமிழாக்கி மொழி சொல்றவரா இருந்து, அப்புறம் புர்போன் தீவுக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல கூலியாளு ஏத்துற வியாபாரத்துல கை வெச்சாரு. அதுலதான் இந்த மாடி எழும்பினது. கப்பல் ஏறினவங்க வீட்டுப் பொம்பளைங்க சிலபேரு இந்தக் கதவுக்கிட்ட வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போவாங்க, எம் புருசன் எங்கே, எம் புள்ளை எங்கேன்னு. அவங்களைப் பத்தி எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஏழை சனம், அழுதுட்டுப் போயிடும். சோறு கொண்டுவர்றவனைத்தான் நாம பாக்கணும்.

அப்புறம் பிரெஞ்சுக்காரன் ஓட்டுன்னு ஒண்ணு கொண்டாந்தான். ஊருக்கு ஒரு சபை, சபைக்கு ஒரு தலைவர். அவருக்கு மேர்னு பேரு. ஐயா மேர் ஆனாரு. ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து அவருதான். குவர்னர் வந்தா ஐயாதான் பக்கத்து நாக்காலி. நெஞ்சுல சிவப்பு நாடாவுல ஒரு மெடல் குத்திவிட்டாங்க. கடைத்தெருவுக்கு விளக்குப் போட்டாரு, குடிதண்ணிக் குளம் வெட்டினாரு. எல்லாம் எழுதிக்குங்க.

எப்படி ஜெயிச்சாருன்னா கேக்கறீங்க? ஜனங்க போட்டாங்க. உசுரோட இருக்கிறவங்களும் போட்டாங்க, செத்தவங்களும் போட்டாங்க. ஏன் சிரிக்கிறீங்க? செத்தவன் பேரைச் சொல்லி ஒருத்தன் போய்ப் போடுவான், எதிர்க் கட்சியும் அதைத்தான் செஞ்சான். ஆனா ஒண்ணு தம்பி, செத்தவன் ஒருநாளும் கட்சி மாறினதில்லை. உசுரோட இருக்கிறானே, அவனைத்தான் நம்பக் கூடாது.

இந்தத் தின்னு பாக்கற வேலை எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். எதிர்க் கட்சி சேனாபதி முதலியார் வீட்டுல ஒரு கல்யாணம். ஊர் மேரைக் கூப்பிடாம இருக்க முடியுமா? ஐயா போனாரு. திரும்பி வந்து வாந்தி, பேதி, அப்படியே துவண்டுட்டாரு. வைத்தியர் நாடி பாத்துட்டு அஜீரணம்னாரு. ஐயா அன்னைக்குப் பலாச்சுளை கொஞ்சம் கூடத்தான் சாப்பிட்டிருந்தாரு, அதுக்கு மேல பாயசம், அதுக்கு மேல மறுபடியும் பலாச்சுளை. அதுக்காக? அஜீரணமாம் அஜீரணம்! எதிரி வீட்டுல சாப்பிட்டு வந்தவனுக்கு அஜீரணம் வருமா? நான் காலைப் புடிச்சுக்கிட்டு, "ஐயா, இனிமே நான் வாயில வெச்சுப் பாத்த பொறவுதான் நீங்க சாப்பிடணும்"ன்னு அழுதேன். அவரு என் தலையில கையை வெச்சு, "நீதாண்டா எனக்குப் புள்ளை"ன்னாரு. அவருக்குப் புள்ளை கிடையாது.

இப்ப அந்த மரைக்காயர் விஷயத்துக்கு வர்றேன். உதுமான் மரைக்காயர். கேள்விப்பட்டிருப்பீங்க, ஊருல எல்லாரும் அந்தாளை நல்லவருன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஐயாவும் அவரும் சாமியார் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அவரு ஐயாவைத் 'திருமேனி'ன்னு பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு, வேற யாருக்கும் அந்த தைரியம் கிடையாது. துலுக்கத் தெரு ஓட்டு பூராவும் அவரு கையசைச்ச பக்கம் விழும். ஒவ்வொரு தடவையும் ஐயாவுக்குத்தான் விழுந்துச்சு. அதுதான் எனக்கு உறுத்தல். ஒரு மனுசன் ஒண்ணுமே கேக்காம எதுக்கு இவ்வளவு செய்யணும்? வேலை கேக்கலை, குத்தகை கேக்கலை. கேக்கறவனை நம்பலாம் தம்பி, அவனுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியும். கேக்காதவன் மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?

ஐயா நின்ன கடைசி எலெக்சனுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஒரு துக்க வீடு. மரைக்காயரும் சேனாபதி முதலியாரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தாங்க. என் கண்ணால பாத்தேன். முதலியார் ஏதோ சொன்னாரு, மரைக்காயர் தலையாட்டினாரு. துக்க வீட்டுல பேசறதுக்கு என்ன இருக்கு? செத்தவரைப் பத்திப் பேசினோம்னு மரைக்காயரே அப்புறம் சொன்னாரு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே எதுக்குச் சொல்லணும்? நெருப்பில்லாமப் புகையுமா?

எங்க ஊர்ல எலெக்சன்னா ஒரு வழக்கம். ஓட்டுப் போடறவங்களை முன்னாடியே கூட்டிட்டு வந்து கிட்டங்கியில அடைச்சு வெச்சுடறது. ஐயாவோட நெல்லுக் கிட்டங்கி ஆத்தோரம் இருக்கு, பாத்திருப்பீங்க. வெளியில விட்டா எதிர்க் கட்சிக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான். அதனால உள்ளேயே சாப்பாடு, சாராயம், சீட்டு, கூத்து. எலெக்சன் அன்னைக்குக் காலையில கதவைத் திறந்து, மேளம் வெச்சு, கூட்டமா ஓட்டுவோம். கதவுக் காவல் யாரு? நான்தான்.

அந்தக் கடைசி எலெக்சன் அன்னைக்குக் காலையில ஒரு மாட்டு வண்டி வந்து நின்னுது. வண்டி நிறைய பெரிய பெரிய தேக்சாப் பாத்திரம், மூடியைத் துணியால கட்டியிருக்கு. நெய்ச்சோறு வாசனை தெருவையே தூக்குது. உள்ள இருக்கிறவனெல்லாம் கதவைத் தட்டறான். வண்டியில இருந்து மரைக்காயர் இறங்கினாரு.

"பக்கிரி, கதவைத் திற. ஓட்டுப் போடப் போற புள்ளைங்க வெறும் வயித்தோட போகக் கூடாது. ஐயருங்க, சைவக்காரங்களுக்குத் தனியா ஆளு வெச்சு ஆக்கியிருக்கு"ன்னாரு.

"யாரு சொல்லிக் கொண்டாந்தீங்க?"ன்னேன்.

"சொல்லணுமா? திருமேனி ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரி. சந்தேகமா இருந்தா ஒரு கவளம் நீ தின்னு பாரு என் சீதேவி, அதுதானே உன் உத்தியோகம்"னு சிரிச்சாரு.

சிரிச்சாரு தம்பி. அந்தச் சிரிப்புதான் எனக்குப் புடிக்கலை. ஒரு கிட்டங்கி ஆளும் ஒரே நேரத்துல வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா ஐயா கதி என்ன ஆகும்? நான் ஒரு கவளம் தின்னு என்ன தெரியும்? உடனே கொல்ற விஷமும் இருக்கு, ஆறப்போட்டுக் கொல்றதும் இருக்கு. நேரா வீட்டுக்கு ஓடி வந்து ஐயாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். துக்க வீட்டையும் சொன்னேன். ஐயா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டிருந்தவரு, அப்படியே நின்னுட்டாரு. "உதுமானா?"ன்னாரு. "ஐயா, கூட இருந்தே குழி பறிக்கிறதுன்னு சொல்லுவாங்களே"ன்னேன். விட்ட பொத்தானைப் போட்டு முடிச்சாரு. அப்புறம், "வேணாம்னு சொல்லிடு"ன்னாரு.

வேணாம்னு சொன்னா போதுமா? வேற வழியில உள்ள அனுப்பிட்டா? நான் ஆளுங்களை விட்டு ஒவ்வொரு தேக்சாவையும் ஆத்துல கவுத்தேன். ஊரே பாத்துச்சு.  மரைக்காயர் கடைசித் தேக்சா கிட்ட வந்து, கையை விட்டு ஒரு புடி அள்ளி, நடுத்தெருவுல நின்னு தின்னாரு. தின்னுட்டு, "இதைத் திருமேனி சொன்னானா, நீயா செஞ்சியா?"ன்னாரு. "ஐயாதான்"னேன். மேல்துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டு நடந்தே போயிட்டாரு. வண்டியில கூட ஏறலை. நான் அன்னைக்கும் மறுநாளும் ஆத்தங்கரையில போய்ப் பாத்தேன், மீனு ஏதாச்சும் செத்து மெதக்குதான்னு. ஒண்ணும் சாகலை. ஓடற தண்ணியில விஷம் நிக்குமா?

அன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? துலுக்கத் தெருவுல ஒரு கதவு திறக்கலை. ஒருத்தன் ஓட்டுப் போட வரலை. ஐயா தோத்துட்டாரு. சேனாபதி முதலியார் மேர். பாத்தீங்களா? மரைக்காயர் துரோகின்னு காலையில நான் சொன்னேன், சாயங்காலம் அது நிரூபணம் ஆயிடுச்சு. அந்தச் சந்தோசத்தைக் கூட என்னால அனுபவிக்க முடியலை, ஐயா மொகம் அப்படி இருந்துச்சு.

முதலியார் ஊர்வலம் இந்தத் தெரு வழியாத்தான் போச்சு. வேணும்னே இங்க நின்னு வேட்டு வெச்சாங்க. ஐயா மாடியில ஜன்னல் ஓரமா உக்காந்து, "பக்கிரி, அந்தச் சோத்துல நெசமாவே ஏதாச்சும் இருந்துச்சா?"ன்னு கேட்டாரு. "இல்லேன்னா இப்படிக் காலை வாரியிருப்பானா ஐயா?"ன்னேன். அவரு தலையைத் தலையை ஆட்டினாரு. "அவனே அப்படின்னா, மத்தவங்க?"ன்னாரு.

அன்னையில இருந்துதான் ஐயாவுக்குக் கண்ணு திறந்துச்சு. எத்தனை நாளா நான் ஒருத்தனே முழிச்சிருந்தேன், இப்ப அவரும் என்கூட முழிச்சாரு. அது ஒரு நிம்மதி தம்பி, ஏன் மறைக்கணும்? நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுவோம், யாரு எப்படிப் பாத்தான், யாரு எதுக்கு வந்தான்னு. சமையக்காரர் சாம்பையர் உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டாரு. எதை மறைக்க உப்புன்னு நான்தான் கேட்டேன். அவரு பூணூலைப் புடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு மூட்டையைக் கட்டிட்டாரு.

அப்புறம் ஆச்சியே அடுப்படிக்கு வந்தாங்க. ஐயாவோட சம்சாரம். தங்கமானவங்க, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஆச்சியோட தம்பிக்கும் முதலியார் கட்சிக்கும் கொஞ்சம் போக்குவரத்து இருந்துச்சு, அதைச் சொல்லாம இருந்தா நான் உப்புத் தின்னவனா? ஒருநாள் மிளகு ரசம் ஒரு மாதிரி வாசனை அடிச்சுது. ஐயா காதுல போட்டேன். ஐயா ஆச்சியைப் பாத்து, "நீ ஒரு வாய் குடி"ன்னாரு.

அந்தம்மா அவரையே பாத்தாங்க. "எனக்குத் தாலி கட்டின கையால இதை நீட்டறீங்களா?"ன்னாங்க. ரசத்தை முத்தத்துல கொட்டினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவரை அரள வெச்சவன் நீதாண்டா, நல்லாருப்பியா?"ன்னு கேட்டுட்டு, கீழ்வேளூருக்குத் தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. யாரு வீட்டுக்குப் போனாங்க, கவனிச்சீங்களா? தம்பி வீட்டுக்கு! குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? தப்பு இல்லாதவங்க எதுக்குப் போகணும்?

அப்புறம் நானே ஆக்கினேன். நானே அரைச்சேன், நானே தண்ணி சேந்தினேன். ஐயாவும் நானும் மட்டும் இந்தப் பெரிய வீட்டுல. என் சமையலை அவரு ஒரு குறை சொன்னதில்லை. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

ஒருநாள் மத்தியானம் சாம்பார் சாதம் கொண்டு வெச்சேன். வழக்கம் போல ஒரு வாய் எடுத்துத் தின்னு காட்டினேன். "இன்னும் கொஞ்சம்"னாரு. தின்னேன். "இன்னும்"னாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. முழுக்கத் தின்னேன், தட்டை வழிச்சுத் தின்னேன். "இப்ப நம்பறீங்களா ஐயா?"ன்னேன். அவரு மெதுவா, கோவமே இல்லாம, "உனக்கு இது பழகிப்போச்சு பக்கிரி. தெனம் தின்னுத் தின்னு உன் ஒடம்பு தாங்கும். என் ஒடம்பு தாங்காது"ன்னாரு.

அய்யோ தம்பி! என் நெஞ்சு வெடிச்சுப் போச்சு. செவுத்துல தலையை முட்டிக்கிட்டேன். யாரோ அவரு மனசைக் கலைச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள நானும் அவரும்தான், வேற ஒரு ஈ காக்கா வர்றதில்லை. அப்ப யாரு வந்து கலைச்சது? என் மேல அவருக்குச் சந்தேகத்தை ஊட்டினது யாரு? இன்னிக்கு வரைக்கும் தேடிக்கிட்டிருக்கேன். கண்டுபிடிச்சா விடமாட்டேன்.

அதுக்கப்புறம் எளநீதான். தோட்டத்து மரத்துல இருந்து இறக்கி, அவரே வெட்டிக் குடிப்பாரு. வெட்டாத எளநீயில யாரு என்ன கலக்க முடியும்? கொஞ்ச நாள்ல அதையும் விட்டுட்டாரு. மரம் ஏறறவன் முதலியார் தெருவுக்குக் குடி போயிட்டான், வேருல எதையாச்சும் ஊத்தியிருப்பான்னாரு. எனக்கே அது தோணலை பாருங்க. என்ன மூளை! சும்மாவா வெள்ளைக்காரன் மெடல் குத்தினான்?

ஆளு எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. மாடி ஜன்னல் ஓரமாவே படுத்துக்கிடந்தாரு. அப்ப துலுக்கருங்களுக்கு நோன்பு மாசம். ஒருநாள் நான் கொல்லையில இருக்கேன், அவரு ஜன்னல் வழியாத் தெருவுல போற மீன்காரியைக் கூப்பிட்டிருக்காரு. "உதுமான் மரைக்காயரை வரச் சொல்லு. அவன் வீட்டுக் கஞ்சி வேணும், அவன் கையால கொண்டாரச் சொல்லு"ன்னிருக்காரு. மரைக்காயரை! என்ன மயக்கத்துல இருந்தாரோ, பாவம். நல்லவேளை, அந்த மீன்காரி என்கிட்டயும் சொல்லிட்டுப் போனா. உடனே மேல போயி, காத்து ஆகாதுன்னு சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். கீழ வந்து கதவைப் பூட்டினேன்.

பொழுது சாயற நேரம் மரைக்காயர் வந்தாரு. வேலைக்காரன் கையில கொடுத்துவிடலை, தானே தூக்கிட்டு வந்தாரு. கலயத்துக்கு மேல வெள்ளைத் துணி. நீங்க நிக்கிறீங்களே, அதே இடத்துலதான் நின்னாரு. மனுசன் ஒரே ஓட்டமா வந்திருப்பாரு போல, மூச்சு வாங்குது.

"திற பக்கிரி"ன்னாரு.

"ஐயாவுக்கு உடம்பு சரியில்லை, யாரையும் பாக்கறதில்லை"ன்னேன்.

"அவன்தான் கூப்பிட்டான். நான் இன்னும் நோன்பு திறக்கலை. அவன் ரெண்டு மடக்குக் குடிக்கட்டும், அதுக்கப்புறம் நான் திறக்கிறேன். கறி கிறி போடலை, சும்மா அரிசியும் வெந்தயமும்தான். வேணும்னா கலயத்தை நீயே பாரு"ன்னாரு.

பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு தடவை ஏமாந்தவன் மறுபடியும் ஏமாறுவானா? நான் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு நின்னேன். பள்ளிவாசல்ல நோன்பு திறக்கிற பாங்கு சொல்லிட்டாங்க. அந்தாளு கலயத்தை வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு, தொண்டையில எச்சிலை முழுங்கிக்கிட்டு. அப்புறம் அண்ணாந்து பாத்து, "திருமேனீ!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. அந்த வயசுல அந்தத் தொண்டைக்கு அவ்வளவு சத்தம் இருக்கும்னு நான் நினைக்கலை.

மேல இருந்து ஐயா, "பக்கிரி, யாரு? உதுமானா?"ன்னாரு.

நான் படியேறிப் போயி, "யாரும் இல்லீங்க ஐயா, மீன்காரி"ன்னேன்.

அவரு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. "அவன் வரமாட்டான். நான் செஞ்சதுக்கு எப்படி வருவான்?"ன்னாரு. சொல்லிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் அவரு என்கிட்ட எதுவும் கேக்கலை.

கீழ வந்து பாத்தேன், மரைக்காயர் போயிட்டாரு. கலயத்தை இந்தக் கம்பிக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போயிருந்தாரு. நான் விடுவேனா? காலாலயே தள்ளிச் சாக்கடையில கவுத்தேன்.

ஐயா அந்த வாரமே போயிட்டாரு. எடுப்புக்கு ஊரே வந்துச்சு, வெள்ளைக்காரங்க தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னாங்க, குவர்னர் மலர் வளையம் அனுப்பினாரு. மரைக்காயரும் வந்தாரு. நான் அவரு கையையே பாத்துக்கிட்டிருந்தேன். கையில ஒண்ணும் இல்லை. பொம்பளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நடிப்புன்னா நடிப்பு, அப்படி ஒரு நடிப்பு.

இப்ப முக்கியமான விஷயம் சொல்றேன், நல்லாக் கேட்டு எழுதிக்குங்க. நான் சும்மா விடலை. எடுக்கறதுக்கு முன்னாடியே, மேரா இருந்தவரு சாவுல சந்தேகம் இருக்குன்னு பொலீசுல போயி நானே சொன்னேன். சாவுக்கு வந்த ஆச்சி வேணாம்னு கும்பிட்டாங்க, நான் கேக்கலை. பிரெஞ்சு டாக்டரே ஐயாவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயி அறுத்துப் பாத்தாரு. வெளியில வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, மொழி சொல்றவரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லச் சொன்னாரு. வயித்துல ஒண்ணுமே இல்லைன்னாரு.

ஒண்ணுமே இல்லை! கேட்டீங்களா தம்பி? ஒரு பொட்டு விஷம் கிடையாது. எத்தனை பேரு, எத்தனை வழியில பாத்தானுங்க! ஒருத்தனால முடிஞ்சுதா? கடைசி வரைக்கும் நான் பக்கத்துல இருந்தேன். அதை மட்டும் விடாம எழுதிடுங்க.